மெட்ராஸ் கைக்குட்டையும் நடுவில் நிற்பவரும்

நைஜீரியாவின் தென்கோடியில், நைஜர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் சதுப்பு நிலத்தில் புகுமா என்று ஒரு ஊர் இருக்கிறது. கலபாரி இனத்தவரின் ஊர். அந்த ஊர்ப் பெண்கள் செய்யும் ஒரு கைவேலையைப் பற்றி முதல்முறை படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்ல விலை கொடுத்து வாங்கிய, கட்டம் போட்ட புதுப் பருத்தித் துணியை மடியில் விரித்து, ஊசி முனையால் ஒரு நூலைத் தூக்கி, பிளேடால் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, நடுவில் நிற்கும் துண்டை உருவி எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் அடுத்த நூல். இப்படியே நாள்கணக்கில். முடிவில் துணி மெல்லிசாகி, அங்கங்கே வெளிச்சம் ஊடுருவும். எடுத்த நூல்கள் விட்டுப்போன இடமெல்லாம் சேர்ந்து, நெய்தவர் நினைத்தே பார்க்காத ஒரு புது உருவம் துணியில் தெரியும். இதற்குப் பெயர் பெலெட்டே பிட்டே. வெட்டிய துணி என்று அர்த்தம்.

அந்தத் துணி எங்கிருந்து போனது என்று பார்த்தால், நம்ம ஊர். சென்னையைச் சுற்றியும், வடக்கே ஆந்திரக் கடற்கரையில் சீராலா பக்கத்திலும் குழித்தறியில் நெய்த கட்டத் துணி. வணிகத்தில் அதற்கு வைத்த பெயர் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்'. கைக்குட்டை என்றால் மூக்குத் துடைக்கிற சாமான் என்று நினைக்க வேண்டாம். ஒரு கஜம் அகலம், சதுரமாக வெட்டினால் தலையில் கட்டலாம், வெட்டாமல் விட்டால் இடுப்பில் சுற்றலாம். கலபாரி மக்கள் இதை இஞ்சிரி என்கிறார்கள். 'இந்தியா' என்ற சொல் அவர்கள் வாயில் அப்படி ஆனது என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பக்கத்தில் உள்ள இக்போ மக்கள் ஜார்ஜ் என்கிறார்கள். நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து போன துணி என்பதால் ஜார்ஜ் ஆனது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதாவது தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டையின் பெயரில் அங்கே கல்யாணப் புடவை மாதிரி ஒரு துணி.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கொஞ்ச காலமாக 'படைப்புத் தொழில்', 'படைப்புப் பொருளாதாரம்' என்று ஐ.நா. அறிக்கைகளில் ஒரு வார்த்தை புழங்குகிறது. கைவினைப் பொருள், நகை, பொம்மை, கம்பளம், புத்தகம், இசைத்தட்டு, வீடியோ கேம், ஓவியம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, யார் யாருக்கு எவ்வளவு விற்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கிறார்கள். பார்ப்பது அங்டாட் என்ற வணிக-வளர்ச்சி அமைப்பு, 1964-ல் ஆரம்பித்தது, ஜெனீவாவில் இருக்கிறது. அவர்கள் கணக்குப்படி உலக நாடுகளின் படைப்புப் பொருள் ஏற்றுமதி 2002-ல் 208 பில்லியன் டாலர், 2020-ல் 524 பில்லியன், 2022-ல் 713 பில்லியன். வளரும் நாடுகள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்கும் பங்கும் ஏறிக்கொண்டே போகிறது, இதைத் 'தெற்கு-தெற்கு வணிகம்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தியா நைஜீரியாவுக்கு விற்கிறது, இந்தோனேசியா ஏமனுக்கு விற்கிறது, நடுவில் வெள்ளைக்காரன் இல்லை, எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் நம் கைக்குட்டையின் கதையை முழுதாகப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. இந்த வணிகம் புதிது இல்லை, முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆன சமாச்சாரம். இன்னொன்று, நடுவில் எப்போதும் ஒருவர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். ஆள் மாறும், இடம் காலியாவதில்லை.

முதலில் பழைய ஆளைப் பார்ப்போம். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613-ல். ஆங்கிலேயர்கள் 1639-ல் மெட்ராஸுக்கு வந்தார்கள். துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத ஒரு மணல்மேட்டில் கம்பெனிக்காரன் வந்து உட்கார்ந்ததற்குத் துணியைத் தவிர வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. 1730-களில் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியதால்தான் சிந்தாதிரிப்பேட்டை, சின்னத் தறிப் பேட்டை. இங்கே வாங்கிய துணி இந்தியப் பெருங்கடலிலும் போனது, லண்டனுக்கும் போனது. லண்டனில் கம்பெனி ஏலம் போடும். ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் விடுகிறவர்கள் ஏலம் எடுப்பார்கள். இங்கிலாந்தில் உள்ளூர் நெசவாளர்கள் போட்ட சத்தத்தில் இந்தியாவின் அச்சிட்ட துணியை அந்த நாட்டில் உடுத்தவே கூடாது என்று 1700 வாக்கில் சட்டம் வந்தது. மறு ஏற்றுமதிக்கு மட்டும் தடை இல்லை. உனக்குத்தான் உடுத்தக் கூடாது, ஆப்பிரிக்கனுக்கு விற்றுக்கொள்.

விற்றார்கள், எதற்கு விற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த பண்டங்களில் இந்தியத் துணிக்குப் பெரிய இடம். நம் ஊரில் பாவு ஓடிய தெருவுக்கும் அந்தக் கப்பலின் அடித்தட்டுக்கும் நேரடியான தொடர்பு இருந்தது. நெய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. பாண்டிச்சேரியிலிருந்து போன நீலத் துணிக்கு 'கினே' என்றே பெயர், கினி கரைக்குப் போவதால். செனகல் ஆற்றங்கரையில் அது உடுப்பு மட்டும் இல்லை, காசு. ஒரு துண்டு கினேவுக்கு இத்தனை அளவு வேலம்பிசின் என்று பேரம். அந்தப் பிசின் பிரான்ஸுக்குப் போய் அங்கே துணியில் அச்சடிக்கப் பயன்பட்டது. பாண்டிச்சேரித் துணியைக் கொடுத்து வாங்கிய பிசினில்தான் பிரெஞ்சுக்காரன் இந்தியத் துணிக்குப் போட்டியாக அச்சடித்தான் என்றால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாண்டிச்சேரியில் வந்த பஞ்சாலைகளும் இந்த ஆப்பிரிக்கச் சந்தையை நம்பித்தான் ஓடின.

மான்செஸ்டரில் இயந்திரத் தறி வந்ததும் அவர்களே மெட்ராஸ் கட்டத்தைக் காப்பியடித்து நெய்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். விலை குறைவு, நெசவு சீர். நைஜர் முகத்துவாரத்தில் வாங்கவில்லை. நம் துணிப் பெயரில் 'ரியல்' என்ற வார்த்தை ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம்: போலி வந்த பிறகுதான் அசலுக்கு அசல் என்று பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. வாங்குகிற பெண்கள் அசலை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தொட்டுப் பார்த்து, அப்புறம் முகர்ந்து. சாயமும் கஞ்சியும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அந்தத் துணிக்கு உண்டு, அது இல்லையென்றால் இஞ்சிரி இல்லை. காஞ்சிபுரம் சரிகையைத் தரையில் உரசிப் பார்க்கும் நம்ம அத்தைகளுக்கு இது நன்றாகப் புரியும்.

இன்றைக்கு 'டிசைன்' என்றால் அதை உருவாக்குகிறவர் ஒருவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பார், அவர் போட்ட படத்தைத் தொழிற்சாலை செய்து தரும், சந்தை வாங்கும் என்று நினைக்கிறோம். இந்தத் துணியில் அப்படி இல்லை. எந்தச் சிவப்பு, எத்தனை நூலுக்கு ஒரு கோடு, கட்டம் பெரிதா சிறிதா என்பதையெல்லாம் தீர்மானித்தது புகுமாவில் உடுத்தியவர்கள். அவர்களுக்குப் பிடித்ததைக் கப்பல்காரன் லண்டனில் சொல்வான், லண்டனிலிருந்து சென்னைக்கு சாம்பிள் துண்டு வரும், இங்கே முதலாளி அதைத் தறிக்காரரிடம் கொடுப்பார். தறிக்காரர் அந்தக் கட்டத்தைத் தன் வீட்டில் யாரும் உடுத்திப் பார்த்திருக்க மாட்டார். நம் பெண்கள் யாரும் அதைக் கட்டவில்லை, நம் கடைகளில் அது தொங்கவில்லை. முழுக்க முழுக்க இன்னொருவர் ரசனைக்காக நெய்தது. 20-ஆம் நூற்றாண்டில்கூட இதே வரிசைதான். நடுவில் மான்செஸ்டர் கம்பெனி, அதன் முத்திரை, அதன் லேபிள். நெய்தவருக்குக் கூலி, உடுத்தியவருக்குத் துணி, 'இவருக்கு இது பிடிக்கும்' என்ற தகவல் யார் கையில் இருந்ததோ அவருக்கு லாபம்.

என் வாதம் இவ்வளவுதான், மீதியெல்லாம் அதற்கு உதாரணம். படைப்புப் பொருள் வணிகத்தில் சரக்கு கைமாறுவதைவிட முக்கியம், வாங்குபவரின் ரசனை பற்றிய தகவல் யாரிடம் இருக்கிறது என்பது. சுங்கக் கணக்கில் அது ஏறுவதே இல்லை.

கலபாரிப் பெண்கள் ஏன் வெட்டினார்கள் என்பதற்கு வருகிறேன். அந்த ஊர்களில் நெசவு கிடையாது. சதுப்பு நிலம், மீன்பிடியும் வணிகமும்தான் பிழைப்பு. துணி எல்லாமே வெளியிலிருந்து வருவது. ஆனால் பெரிய குடும்பம் என்றால் பெட்டி பெட்டியாகப் பழைய துணி சேர்த்து வைத்திருக்கும். வயதானவர் இறந்தால் வீட்டில் கட்டில் அலங்கரித்து, குடும்பத்தின் துணிகளை மடித்து அடுக்கி, நாளுக்கு நாள் மாற்றி வைத்து மரியாதை செய்வார்கள். அந்த அடுக்கில் இஞ்சிரியும் இருக்கும், பெலெட்டே பிட்டேயும் இருக்கும். எல்லோரும் காசு கொடுத்தால் வாங்கக்கூடிய துணியை, யாரும் வாங்க முடியாத துணியாக மாற்ற அவர்களிடம் இருந்த வழி வெட்டுவதுதான். சென்னையில் நெய்தவர் கூட்டிய மதிப்பை அவர்கள் நூலைக் கழித்துக் கூட்டினார்கள். படைப்புத் தொழில் என்றால் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. எந்த ஏற்றுமதிப் பட்டியலிலும் இது வராது, ஏனென்றால் வெட்டிய துணி பெரும்பாலும் அந்த ஊரை விட்டு வெளியே விற்பனைக்குப் போவதில்லை.

கடல் தாண்டி மேற்கே போனால் இதே கட்டம் கரீபியன் தீவுகளில் இருக்கிறது. செயின்ட் லூசியாவிலும் டொமினிக்காவிலும் தேசிய உடையே மெட்ராஸ்தான். ஜமைக்காவில் பந்தானா என்று பெயர். மார்டினிக், குவாடலூப் பெண்கள் தலைக்குக் கட்டும் மெட்ராஸில் உள்ள வெளிர் கோடுகளின் மேல் கோந்து கலந்த மஞ்சள் வண்ணத்தைக் கையால் தீட்டி இன்னும் பளபளப்பாக்கினார்கள். ஒரு ஊரில் வெட்டினார்கள், இன்னொரு ஊரில் வண்ணம் பூசினார்கள், நெய்து கொடுத்ததை அப்படியே விட்டவர்கள் யாரும் இல்லை போல. அக்டோபர் கடைசியில் செயின்ட் லூசியாவின் கிரியோல் திருநாள் படங்களைப் பார்த்தால் ஊரே நம் கைலிக் கட்டத்தில் இருக்கும். அந்தத் துணி இப்போதும் இந்தியாவிலிருந்துதான் போகிறதா என்றால், கொஞ்சம் போகிறது. பாலியெஸ்டரில் அச்சடித்த கட்டமும் நிறைய புழங்குகிறது.

சரி, இனி வேக்ஸ் பிரிண்டுக்கு வருவோம். ஆப்பிரிக்கத் துணி என்றதும் நம் கண்ணில் வரும் பெரிய பெரிய பூ, பறவை, விசிறி போட்ட பளிச் நிறத் துணி. அது ஆப்பிரிக்காவில் பிறந்தது இல்லை. துணியில் மெழுகு பூசி, பூசாத இடத்தில் மட்டும் சாயம் ஏற்றும் ஜாவாவின் பாத்திக்கை இயந்திரத்தில் செய்து ஜாவாக்காரர்களுக்கே மலிவாக விற்கலாம் என்று டச்சுக்காரர்கள் கிளம்பினார்கள். ஹாலந்தின் ஹெல்மண்ட் ஊரில் 1846-ல் தொடங்கிய விளிஸ்கோ என்ற துணிக் கம்பெனி அந்த வரிசையில் வந்தது. இயந்திரத்தில் மெழுகுக்குப் பதில் பிசின் பூசும்போது அது வெடித்து, துணியில் நரம்பு நரம்பாகச் சாயம் இறங்கியது. பாத்திக்கைப் பார்த்துப் பழகிய ஜாவாக்காரர்களுக்கு இது குறை, அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதே துணி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனபோது அந்த நரம்புகளே அழகாகத் தெரிந்தன, ஒரு கஜம் மாதிரி இன்னொரு கஜம் இல்லை என்பதே பெருமை. 1890-களில் ஸ்காட்லாந்து வணிகர் ஒருவர் கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், இதைக் கொண்டுபோய் விற்றார் என்பது பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்பே, டச்சுப் படையில் சேர்ந்து ஜாவாவுக்குப் போன ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குத் திரும்பும்போது பாத்திக்கை எடுத்துவந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

குறை எது, தரம் எது என்பது வாங்குகிற ஆளைப் பொறுத்தது என்பதற்கு நம் துணியிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது, சின்ன விஷயம், சொல்லிவிட்டுப் போகிறேன். துவைத்தால் சாயம் போகும் மெட்ராஸ் துணியை 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் விற்றபோது முதலில் பெரிய ரகளை ஆனது. பிறகு 'சாயம் போகும் என்று உத்தரவாதம்' என்று விளம்பரமே போட்டு அதை ஃபேஷன் ஆக்கிவிட்டார்கள். இந்தியச் சுங்க அட்டவணையில் 5208-ஆம் தலைப்பில் 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று ஒரு தனி வரியே உண்டு. குறையை அரசாங்கமே எண் கொடுத்து அங்கீகரித்த ஒரே சாமான் இதுவாகத்தான் இருக்கும்.

வேக்ஸ் துணிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் தகவல் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு அங்கேதான் நல்ல பதில் இருக்கிறது. டோகோவின் தலைநகர் லோமே சந்தையில் 1960-களிலிருந்து 80-கள் வரை மொத்த வியாபாரம் செய்த பெண்களுக்கு நானா பென்ஸ் என்று பட்டப்பெயர். மெர்சிடிஸ் பென்ஸ் காரில் போவார்கள், அதனால். அரசாங்க விருந்தாளிகளுக்கு கார் வேண்டும் என்றால் அவர்களிடம் இரவல் வாங்குவார்கள் என்கிற அளவுக்குப் பணம். துணியை அவர்கள் நெய்யவில்லை, வரையவில்லை. துணிக்குப் பெயர் வைத்தார்கள். கூண்டும் அதிலிருந்து பறக்கும் பறவையும் போட்ட துணிக்கு 'நீ வெளியே போனால் நானும் போவேன்'. கண் மாதிரி வட்டம் போட்டதற்கு 'சக்களத்தியின் கண்'. இன்னொன்றுக்கு 'என் புருஷன் கெட்டிக்காரன்', அதாவது இதை வாங்கிக் கொடுக்க வக்குள்ளவன். ஹாலந்தில் அதே துணிக்கு ஒரு நம்பர் மட்டும்தான். பெயர் வைத்த பிறகு அது பேச்சாகிவிடுகிறது: புருஷன் வேறு எங்கோ சுற்றுகிறான் என்று சந்தேகம் வந்தால், வாயைத் திறக்காமல் கூண்டுப் பறவைத் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றால் போதும், தெருவுக்கே செய்தி போய்விடும். எந்த டிசைன் ஓடும், எது ஓடாது, எதில் என்ன நிறத்தை மாற்ற வேண்டும் என்று கம்பெனிக்குச் சொன்னவர்களும் இவர்களே. அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட டிசைன்களை விற்கும் தனி உரிமை இவர்களுக்குக் கிடைத்தது. நடுவில் நிற்கும் இடம் ஒரு தலைமுறைக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் கையில் இருந்தது என்று சொல்லலாம்.

1994 ஜனவரியில் அது உடைந்தது. டோகோ உள்ளிட்ட நாடுகள் புழங்கும் சி.எஃப்.ஏ. ஃப்ராங்கின் மதிப்பை ஒரே நாளில் பாதியாகக் குறைத்தார்கள். அதுவரை ஒரு பிரெஞ்சு ஃப்ராங்குக்கு 50, மறுநாள் 100. ஐரோப்பியத் துணியின் விலை இரண்டு மடங்கு. சம்பளம் மட்டும் பழைய சம்பளம். கொஞ்ச வருஷத்தில் சீனத் துணி வந்தது. நானாக்களின் மகள் வயதில் இருந்தவர்களை நானெட் என்றார்கள். இவர்கள் விமானம் ஏறிச் சீனாவுக்குப் போய், ஹாலந்து டிசைனைக் காட்டி, இதே மாதிரி, விலை இவ்வளவுக்குள் என்று ஆர்டர் கொடுத்தார்கள். ஹைடார்கெட் என்ற சீன பிராண்ட் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் தெரியாத ஆள் இல்லை என்கிற அளவுக்குப் பரவியது. ஆரம்பத்தில் தகவல் இந்தப் பெண்களிடம் இருந்தது. சீனத் தொழிற்சாலைக்கு மேற்கு ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று தெரியாது. ஐந்தாறு வருஷம் ஆர்டர் எடுத்தால் தெரிந்துவிடும் இல்லையா, தெரிந்தது. அப்புறம் நேராக விற்க வந்துவிட்டார்கள். விளிஸ்கோவும் சும்மா இருக்கவில்லை, தன் பெயரில் சொந்தக் கடைகளைத் திறந்து நானாக்களைத் தாண்டி வாடிக்கையாளரிடமே போய்விட்டது. 2013 ஜனவரியில் லோமேவின் பெரிய சந்தைக் கட்டடம் தீப்பிடித்து எரிந்து, மிச்சமிருந்தவர்களின் சரக்கும் போனது.

இந்தக் கதையை அங்டாட் கணக்கில் போட்டுப் பார்த்தால் எல்லாம் முன்னேற்றமாகத் தெரியும். முன்பு ஹாலந்து டோகோவுக்கு விற்றது: வடக்கிலிருந்து தெற்கு. இப்போது சீனா டோகோவுக்கு விற்கிறது: தெற்கிலிருந்து தெற்கு. அந்தக் கணக்கில் சீனா வளரும் பொருளாதாரம், ஹாங்காங்கும் சிங்கப்பூரும் ஐக்கிய அமீரகமும்கூட அப்படித்தான். 2020-ல் உலகப் படைப்புப் பொருள் ஏற்றுமதியில் சீனா மட்டும் 169 பில்லியன் டாலர், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அடுத்து வந்த அமெரிக்கா 32 பில்லியன். ஆக, வளரும் நாடுகள் படைப்புப் பொருளில் வளர்ந்த நாடுகளை முந்திவிட்டன என்று படித்தால், உள்ளே பெரும்பகுதி சீனா என்று மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை, 2021-ல் தென் கொரியாவை வளரும் நாடுகள் பட்டியலிலிருந்து எடுத்து வளர்ந்த நாடுகள் பக்கம் போட்டார்கள். ஆக, கப்பலில் ஒரு பெட்டிகூட இடம் மாறாமல் அட்டவணையில் மட்டும் ஒரு நாட்டின் வணிகம் தெற்கிலிருந்து வடக்குக்குப் போனது.

கணக்கிலேயே உள்ள இன்னொரு சிக்கல், சுங்க எண். உலகம் முழுக்க ஆறு இலக்க எண்ணில்தான் ஒப்பிட முடியும். அந்த ஆறு இலக்கம் பருத்தியா, எத்தனை கிராம் எடை, சாயம் போட்ட நூலா, அச்சடித்ததா என்று கேட்கும். குழித்தறியில் கால் மிதித்து நெய்ததா, விசைத்தறியில் ஓட்டியதா என்று கேட்காது. யாருடைய ரசனை என்று கேட்கவே கேட்காது. நடுவழியில் துபாயில் இறங்கி, வேறு ஆள் பெயரில் மறுபடி ஏறும் சரக்கை அனுப்பிய நாடு ஒருவிதமாகவும் வாங்கிய நாடு இன்னொரு விதமாகவும் எழுதும். தடை போட்ட நாட்டுக்குள் பக்கத்து நாடு வழியாகப் போவதை யாரும் எழுதுவதில்லை. 1970-களின் பிற்பகுதியிலிருந்து நைஜீரியா துணி இறக்குமதிக்குத் தடை போடுவதும் எடுப்பதுமாக இருந்திருக்கிறது; அந்தக் காலம் முழுக்க பெனினின் கோட்டனூ துறைமுகத்தில் இறங்கிய துணியை எல்லாம் பெனின்காரர்களே உடுத்தியிருந்தால் ஆளுக்கு ஒரு அலமாரி போதாது. தடை உள்ளூர் ஆலைகளைக் காப்பாற்றியதா என்றால் அதுவும் இல்லை, கடுனாவில் இருந்த நாட்டின் பெரிய துணி ஆலை 2007-ல் மூடப்பட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று, கைலி. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கட்டிக்கொண்டு போகும் கட்டம் போட்ட சாரத்துக்கு மலாயில் காயின் பெலிக்காட் என்று பெயர். பெலிக்காட் என்றால் பழவேற்காடு. இன்று பழவேற்காட்டுக்குப் போனால் மீனும் ஏரியும் பறவைகளும் டச்சுக் கல்லறையும் இருக்கும், அந்தத் துணியைத் தேடினால் கிடைக்காது. பெயர் மட்டும் கோலாலம்பூர் கடையில் தொங்குகிறது. அந்த வணிகத்தை நடத்தியவர்களில் பெரும்பங்கு நம் கடற்கரைத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள், மரைக்காயர்கள். நெய்தவர் தமிழர், விற்றவர் தமிழர், அந்தக் கரையில் கடை வைத்து மலாய் வாடிக்கையாளரிடம் பேசி எந்தக் கட்டம் எடுபடும் என்று ஊருக்கு எழுதியவரும் தமிழர். முத்திரையை மலாயில் 'சாப்' என்பார்கள். யானைச் சாப், மான் சாப் என்று படம் பார்த்து வாங்கும் பழக்கம், நம் ஊர் சங்கு மார்க் கைலி மாதிரியேதான். கடலூர் பக்கம் குறிஞ்சிப்பாடியிலும், வேலூர் பக்கம் குடியாத்தத்திலும் தறிச் சத்தம் இத்தனை காலம் கேட்டதற்கு இந்தச் சங்கிலி அறுபடாமல் இருந்தது ஒரு முக்கியக் காரணம். கைக்குட்டை வணிகத்தில் இல்லாதது இதில் இருந்தது: உடுத்துகிறவருக்குப் பக்கத்தில் நம் ஆள் ஒருவர்.

அப்புறம் இந்தோனேசியாவே சாரம் நெய்யும் பெரிய நாடாகிவிட்டது. இப்போது அவர்கள் சாரம் ஏமனுக்கும் சோமாலியாவுக்கும் போகிறது. சோமாலிய ஆண்கள் கட்டும் மாவிஸ் என்ற சாரத்தில் பாதிக் கட்டங்களைப் பார்த்தால் நம்ம ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்த மாதிரி இருக்கும். பழவேற்காட்டில் கற்ற கட்டத்தை ஜாவாவில் நெய்து மொகதிஷுவில் விற்பதை யாரும் திருட்டு என்று சொல்ல முடியாது. கட்டத்துக்கு யார் உரிமை கொண்டாடுவது? இரண்டு கோடு குறுக்கே வெட்டிக்கொண்டால் கட்டம். புவிசார் குறியீடு வாங்கினாலும் அது பதிவு செய்த நாட்டின் எல்லைக்குள்தான் செல்லும். ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் பதிந்து, மீறினால் அங்கே வக்கீல் வைத்து வழக்குப் போட ஒரு நெசவாளர் சங்கத்தால் ஆகிற காரியமா?

வரிச் சலுகை என்றால் வளரும் நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் ஒன்று 1989 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஜி.எஸ்.டி.பி. என்று பெயர், நம் ஜி.எஸ்.டி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் மூன்றாவது சுற்றுப் பேச்சு 2010-ல் பிரேசிலில் முடிந்தது. நடைமுறைக்குக் கொண்டுவரத்தான் பல வருஷம் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் தடையற்ற வணிகத்தை 2021 ஜனவரி 1-ல் தொடங்கின; பேச்சில் இழுத்துக்கொண்டே போன சரக்குகளில் துணி முக்கியமானது, எந்தத் துணியை ஆப்பிரிக்கத் துணி என்று சொல்வது என்பதிலேயே சண்டை. நூல் வெளியிலிருந்து வந்து இங்கே நெய்தால் போதுமா, நூலும் இங்கேயே நூற்க வேண்டுமா? வெட்டி நூல் எடுத்த துணியைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஜார்ஜ் துணி இன்று என்ன ஆனது என்று கேட்டால், நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது வேறு துணி. நைஜீரியக் கல்யாணங்களில் மணப்பெண்ணின் அம்மா சுற்றியிருக்கும் ஜார்ஜில் இப்போது கட்டத்தைவிட எம்ப்ராய்டரியும் மணியும் கல்லும் ஜொலிக்கும். அதிலும் நல்ல சரக்கு இந்தியாவிலிருந்துதான் போகிறது, 'இண்டியன் ஜார்ஜ்' என்றால் அங்கே தனி மரியாதை. வாங்குகிற வியாபாரி லாகோஸிலிருந்தோ அபாவிலிருந்தோ நேராகவே வந்துவிடுகிறார், போனில் படம் அனுப்பி இந்த நிறத்தில் இத்தனை பீஸ் என்று கேட்கிறார். லண்டன் போய்விட்டது, மான்செஸ்டர் போய்விட்டது. இடைஞ்சல் இப்போது காசில் இருக்கிறது. இந்திய வியாபாரி ரூபாயில் கணக்குப் பார்ப்பவர், நைஜீரிய வியாபாரி நைராவில் பார்ப்பவர், இருவருக்கும் நடுவில் டாலர். 2015-ல் நைஜீரிய மத்திய வங்கி 41 பொருள்களின் பட்டியல் போட்டு, இதற்கெல்லாம் வங்கியில் டாலர் கிடையாது என்றது. துணியும் அதில் இருந்தது. இறக்குமதி செய்யலாம், டாலரை வெளிச்சந்தையில் நீயே தேடிக்கொள் என்று அர்த்தம். 2023 அக்டோபரில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். அதற்குள் நைராவின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று அவிழ்த்து விட்டிருந்தார்கள். 2023 நடுவில் டாலருக்கு 460 போலிருந்தது அடுத்த வருஷம் 1,500-ஐத் தாண்டிவிட்டது. சூரத்தில் எம்ப்ராய்டரி போட்டவரின் கூலி அதேதான், அபா கடையில் விலைச் சீட்டு மூன்று மடங்கு. பக்கத்துக் கடையில் சீன ஜார்ஜ் அடுக்கியிருக்கும், தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வாங்க வந்த அம்மாள் கிட்டே போய் ஒரு முனையை எடுத்து விரலால் தடவிப் பார்ப்பார்.